பாதிக்கு ஒரு ஓட்டு குறைச்சல்

எங்கள் யூத்தியில் பெரிய மனுஷிகளை 'ஞா' போட்டுத்தான் கூப்பிடுவோம்; ஞா சுனில்டா பிரித்தெஸ் என்றால், பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற அம்மா என்றுதான் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவள் வாயைத் தெரியும். பேக்கரியில் சீப்பா என்கிற சீஸ் ரொட்டி நேற்றுச் சுட்டதாக இருந்தால், கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்லுவாள். பாதிரியார் பிரசங்கம் நீண்டு போனால், வாசலில் நின்று அவரிடமே சொல்லுவாள். முதுகுக்குப் பின்னால் ஒன்று பேசத் தெரியாது. அதனாலேயே அவளைப் பிடிக்காதவர்கள் கூட அவளை நம்புவார்கள்.

அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. சம்பளமில்லாத வேலை. அதை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லி அவளால் புரியவைக்க முடிந்ததில்லை.

தெத்தேவு என்று ஒரு மென்பொருள். வயலில் ஆள் நடமாட்டம் கண்டால் கத்திக் கத்தி ஊரைக் கூட்டுமே ஆள்காட்டிக் குருவி, அதன் பெயர்தான். சின்னச் சின்ன ரேடியோ நிலையங்களுக்காகச் செய்தது. எந்தப் பாட்டு, எந்த அறிவிப்பு, எத்தனை மணிக்கு என்று சொல்லி வைத்துவிட்டால், ஆள் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஒலிபரப்பும். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செய்கிறவர்களுக்கும் காசு கிடையாது. ரொசாரியோவில் ஒருத்தர், கொச்சபாம்பாவில் ஒருத்தர், பெலோட்டாஸில் ஒருத்தி என்று நாலைந்து நாட்டில் சிதறிக் கிடந்து, பிழைப்பு முடிந்த பிறகு உடம்பில் மிச்சமிருக்கிற தெம்பில் செய்கிற காரியம். சம்பளம் தராத இடத்தில் யாரையும் அதட்ட முடியாது. கெஞ்சத்தான் முடியும். சுனில்டாவுக்குக் கெஞ்ச வராது.

அவள் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற ரேடியோ குவாவிராவில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கப் போனவள். அங்கே ஒருநாள் தெத்தேவு முரண்டு பிடித்தது. குழுவின் பொது மெயிலுக்குக் கேள்வி எழுதினாள். பதிலே வரவில்லை. மூன்று சாயங்காலம் மல்லுக்கட்டித் தானே கண்டுபிடித்து, தன் கேள்விக்குத் தானே பதில் எழுதிப் போட்டாள், கீழே "யாருக்காவது உதவும், இங்கேதான் யாருக்கும் வாய் இல்லையே" என்று ஒரு வரியும் சேர்த்து. அதற்கப்புறம் பொலிவியாவிலிருந்தும் சாக்கோவிலிருந்தும் ரேடியோக்காரர்கள் அவளிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியே பல வருஷம் ஓடிப்போயிற்று. ஒருநாள் குழுவில் அவளை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தெருவுக்கே சோளப்பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு ஓட்டு வந்திருக்கு" என்றாள். எலெக்ஷன் எதுவும் இல்லையே என்று எல்லோரும் முழித்தார்கள்.

ஓட்டு. அங்கேதான் வந்தது வினை.

குழுவை ஆரம்பித்தவர் ரொசாரியோவின் அன்செல்மோ. நல்ல மனுஷர். ரொம்ப நாளைக்கு முன்னால், ஒரே ஒரு அடுப்பைச் சுற்றி இறைச்சி வாட்டித் தின்றுகொண்டே இவரும் கூட்டாளிகளும் சட்டம் எழுதினார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டால்தான் தீர்மானம் செல்லும். போட்டவர்களில் அதிகம் பேர் எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்பைச் சுற்றி ஏழு பேர் இருந்தபோது கஷ்டமும் இல்லை. பிறகு உறுப்பினர் ஏறிக்கொண்டே போனார்கள், இறங்கியவர் எவருமில்லை. கல்யாணமாகிக் காணாமல் போனவன், வேலை மாறி மறந்தே போனவன், எல்லார் பெயரும் அப்படியே நின்றது. கொச்சபாம்பாவின் தோன் ரமீரோ செத்து மண்ணுக்குள் போய்விட்டார், அவரும் கணக்கில் உண்டு. செத்தவரையும் சேர்த்துத்தான் பாதி!

பெயரை நீக்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நீக்குவதற்கு ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குப் பாதிப் பேர் வேண்டும். அட போங்கய்யா!

இதில் ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் யாரும் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட மாட்டார்கள். போட்டால் பாதிக்கு ஒரு ஆளைச் சேர்த்துவிட்டதாக ஆகும். அதோடு ஏன் வேண்டாம் என்று எழுத வேண்டும், மனஸ்தாபம் வரும். சும்மா இருந்தால் போதும், பாதி சேராது, அது தானாகவே செத்துப்போகும். யார் கையிலும் ரத்தம் இல்லை. இதற்குக் குழுவுக்குள் "சியெஸ்தாவுக்கு அனுப்புறது" என்று பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்போமே, அதுதான்.

சுனில்டாவின் மூன்று தீர்மானங்கள் இப்படித் தூங்கப் போயின. உதவிப் பக்கத்தில் பதில் சொல்கிறவர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்றாள், போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லோரும் பேச வேண்டும் என்றாள், போயிற்று. செத்தவர் பெயரையாவது நீக்குங்கள் என்றாள், அதுவும் போயிற்று. மூன்றாவது போனபோது அவளுக்கு வயிறு எரிந்தது. பொது மெயிலில் எழுதினாள்:

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க. நான் அழமாட்டேன். எதிர்த்து நிக்கிறவன் எனக்கு எதிரி இல்ல, போர்த்திட்டுப் படுத்திருக்கானே அவன்தான் எதிரி. நானும் இந்தக் குழுவுல ஒரு ஓட்டைக்கூட விட்டது கிடையாது. ஒருத்தனாவது அப்படிச் சொல்ல முடியுமா?"

யாராலும் சொல்ல முடியவில்லை. யாரும் பதிலும் எழுதவில்லை. ஆனால் அந்த மெயிலை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இனி ரேடியோவுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும், தெத்தேவு மட்டும் எழாது. யாராவது நேரில் போய்த் தட்டி எழுப்புகிற வரைக்கும் ரேடியோ ஊமை. ரேடியோவின் பொறுப்பாளர் கலிஸ்தோ, தச்சு வேலை செய்கிறவன், நிலையத்திலிருந்து வெகு தூரத்தில் குடியிருக்கிறான். மழை நின்றதும் செம்மண் சேற்றில் மோட்டார் சைக்கிள் போகாது, நடந்துதான் போவான். ஒருதரம் அப்படித்தான், ஊரில் செத்துப்போன ஞா எவுலோஹியாவின் அடக்கம் எத்தனை மணிக்கு என்கிற அறிவிப்பு போகவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மகனுக்கு விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது, மண்ணை மூடி மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. அவன் சண்டை போடவில்லை. ரேடியோ வாசலுக்கு வந்து, "ஏன் எனக்குச் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். அப்போது கலிஸ்தோவோடு சுனில்டாவும் அங்கே நின்றிருந்தாள். அன்றிலிருந்து இந்தக் கோளாறு அவளுக்குச் சொந்தப் பகை ஆகிவிட்டது. எழுதி எழுதி, திட்டித் திட்டி, கடைசியில் இன்னொரு கொச்சபாம்பாக்காரரைச் சரிசெய்ய வைத்தாள். வரப்போகிற புது வெர்ஷனில் அந்தத் திருத்தம் இருக்கிறது. அது வந்துவிட்டால், கரண்ட் வந்ததும் ரேடியோ தானே பேசும்.

அந்த நேரத்தில் பெலோட்டாஸிலிருந்து ஜசியாரா வெண்ட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். இந்த வெர்ஷனிலிருந்து பழைய வகைக் கம்ப்யூட்டர்களுக்குத் தெத்தேவு கட்டித் தருவதை, அதாவது அதில் ஓடும்படி தயார் செய்து தருவதை, நிறுத்திக்கொள்வோம்.

ரேடியோ குவாவிராவில் இருந்தது பழைய வகைதான். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்டதை யாரோ தானம் கொடுத்தது. புதிது வாங்க வழியில்லை, மைக்குக்கே வழியில்லை.

சுனில்டா பள்ளிக்கூடத்திலிருந்தே ஜசியாராவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? ஏழைப்பட்டவன் வச்சிருக்கிறது பூரா பழைய மெஷின்தான். அவனைத்தான் முதல்ல வெளிய தள்ளணுமா?"

"தோனா சுனில்டா, நான் யாரையும் தள்ளல. பழைய மெஷினுக்குக் கட்டிக் கொடுக்கிறது இந்தக் குழுவுல யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீதான்."

"நான் மட்டும்தான். என் வீட்டுத் துணி துவைக்கிற ரூம்ல ஒரு பழைய பெட்டி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் நான் ஒருத்திதான் உக்காந்து முட்டிக்கிறேன். ஆஸ்பத்திரி லேப்ல நின்னு நின்னு காலு வீங்கி வர்றேன். குழந்தைக்கு இன்னும் ஒரு வயசு ஆகல. வேற யாராவது எடுத்துக்கோங்கன்னு மூணு தடவை எழுதினேன். ஒருத்தர் 'முடியாது'ன்னாவது சொன்னாங்களா?"

"அதுக்குன்னு மூடிடுறதா?"

"அப்ப வேண்டாம்னு ஓட்டுப் போடுங்க, தோனா. மனசாரச் சொல்றேன். எல்லாரும் சேந்து வேண்டாம்னு சொன்னா, சரி, இது எல்லாருக்கும் வேணும்னு தெரிஞ்சுக்குவேன், கை கொடுங்கன்னு கேப்பேன். தீர்மானம் வேணும்னு ஓட்டுப் போட்டா நிம்மதியா மூடுவேன். ரெண்டுல ஒரு பதில் போதும். இந்த மௌனம் இருக்கே, அதுதான் என்னைக் கொல்லுது."

"என் ஓட்டு வேண்டாம்தான். உன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

"அது எனக்குத் தெரியும்," என்று ஜசியாரா சிரித்தாள். "நீங்க ஒருத்தராவது சொல்லுவீங்க."

போனை வைத்த பிறகு சுனில்டாவுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் எவுலோஹியாவின் மகன் கேட்ட கேள்வி அதைவிடப் பெரிதாக அவள் காதில் நின்றது. வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். சாக்கோவில் இருக்கிறவனுக்குப் போன், சாந்தா குரூஸில் இருக்கிறவளுக்கு வாய்ஸ் மெசேஜ், மொந்தேவிதேயோவில் வருஷக்கணக்காகத் தலைகாட்டாதவனுக்கு அவன் அம்மா மூலமாகத் தூது. "ஓட்டைப் போடு, அப்புறம் எங்க வேணா போய்த் தொலை." ஓட்டுப் போடுவது அங்கே ஒளிவு மறைவு இல்லை. பொதுப் பக்கத்தில் பெயரோடு வேண்டும், வேண்டாம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். செத்துக் கிடந்த பக்கத்தில் பெயர்கள் முளைக்க ஆரம்பித்தன.

ஆனால் தூங்கினவனைத் தட்டி எழுப்பினால் அவன் நாம் சொன்ன பக்கமேவா சாய்வான்? மொந்தேவிதேயோக்காரன் "வேண்டும்" என்று எழுதிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். புது மெஷின் வைத்திருக்கிற பையன்கள் எல்லோரும் "வேண்டும்" பக்கம். ஒவ்வொரு பெயரும் வர வர சுனில்டா பல்லைக் கடித்தாள். இருந்தாலும் விடவில்லை, இன்னும் நாலு பேரை எழுப்பினாள். தன் ஓட்டை மட்டும் கடைசியில் போட நினைத்தாள். ஆட்களைச் சேர்த்து முடித்துவிட்டு, நறுக்கென்று நாலு வரி எழுதிப் போட வேண்டும் என்று ஆசை.

ஓட்டு முடிகிற நாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. வானத்தில் ஒரு மேகம் கிடையாது, வெயில் கொளுத்தியது. சுனில்டா அடுக்களையில் மரவள்ளியைத் தோலுரித்து ஒவ்வொன்றாக அடுப்புப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். கலிஸ்தோ ஐஸ் போட்ட தெரேரே என்கிற மூலிகைத் தண்ணீர்க் கூஜாவோடு வந்து உட்கார்ந்தான். குடிப்பதும், அவளுக்கு ஊற்றித் தருவதும், அவளுடைய போனை எடுத்துப் பக்கத்தைப் பார்ப்பதுமாக இருந்தவன், திடீரென்று நிமிர்ந்தான்.

"ஞா சுனி, ஒரு நிமிஷம். பாதிக்கு இன்னும் எத்தனை பேர் வேணும்?"

"ஏன்?"

"ஒருத்தர்தான் குறையுது."

"நான்தான் அது. போட்டுடுறேன், இரு, கையெல்லாம் பால்."

"இருங்க, இருங்க. 'வேணும்'னு சொன்னவங்க நாலு பேர் அதிகமா இருக்காங்க. நீங்க 'வேண்டாம்'னு போட்டாலும் மூணு பேர் அதிகம்."

"சரி?"

"அட, என்ன சரிங்கறீங்க! நீங்க போட்டா பாதி சேந்துடும். சேந்துட்டா தீர்மானம் ஜெயிச்சிடும். நீங்க போடலைன்னா..."

கத்தி கையில் நின்றது. சுனில்டாவுக்கு விளங்கிவிட்டது. இத்தனை பேரை வீடு வீடாகப் போய் எழுப்பாத குறையாக எழுப்பிக் கொண்டுவந்து பாதிக்குப் பக்கத்தில் நிறுத்தியது அவளேதான். பேசாமல் இருந்திருந்தால் இந்தத் தீர்மானம் என்றைக்கோ சியெஸ்தாவுக்குப் போயிருக்கும்.

"சை!" என்றாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"ஒண்ணும் கெட்டுப் போகல. போனைத் தூரப் போட்டுட்டுச் சாப்பாட்டைப் பாருங்க. மணி பன்னண்டு ஆனா முடிஞ்சுது."

"நானா? நான் ஓட்டுப் போடாம இருக்கறதா?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்டா! ஊரைப் பூரா திட்டினவ நான். தூங்குமூஞ்சிங்கன்னு எழுதினவ நான்."

கலிஸ்தோ தெரேரேயைக் கீழே வைத்தான். குரல் இறங்கிவிட்டது. "ஞா சுனி, சேத்துல நடக்கிறது நான். அன்னைக்கு அந்தப் பையன் வந்து நின்னப்போ பதில் சொல்ல முடியாமத் தலையைக் குனிஞ்சுக்கிட்டதும் நான். உங்க ஒரு பிடிவாதத்துக்காக அந்தத் திருத்தத்தைப் பறிகொடுக்கணுமா? சொல்லுங்க."

சுனில்டா எழுந்தாள். கையைக் கழுவினாள், துடைத்தாள், போனை வாங்கினாள். "வேண்டாம். சுனில்டா பிரித்தெஸ்" என்று எழுதினாள். அனுப்புகிற இடத்தில் விரலை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜசியாரா சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. ரேடியோ வாசலில் வந்து நின்ற அந்த மகனின் முகமும் வந்தது. இரண்டில் எதற்கு முதுகைக் காட்டுவது? அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரொசாரியோ அடுப்பின் மேல், செத்த ரமீரோ மேல், தன் மேல்.

மாதா கோவில் மணி பன்னிரண்டு அடித்தது. போனைக் கவிழ்த்து ரொட்டித் துணிக்கு அடியில் வைத்தாள்.

"தட்டை எடு," என்றாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மரவள்ளி சரியாக வேகவில்லை. அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் அன்செல்மோ வழக்கம்போல எழுதினார்: பாதி சேரவில்லை, தீர்மானம் செல்லாது. அதற்குக் கீழே யாரோ ஒரு பையன், "ஞா சுனில்டா பேரைக் காணோமே? பாவம், அங்கே மறுபடி கரண்ட் போயிருக்கும்" என்று எழுதியிருந்தான். "ஆமாம், இல்லாவிட்டால் அவர் விடுவாரா" என்று இன்னொருவர். சுனில்டா அதைப் பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து படித்தாள். இல்லை, கரண்ட் இருந்தது என்று எழுத வேண்டியதுதான். எழுதவில்லை. அவள் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை என்பார்கள். அன்றைக்கும் சொல்லவில்லை, சொன்னவர்களைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் பூராவும் பேக்கரிக்காரன் பழைய சீப்பாவையே கொடுத்தான், அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று அவன் பயந்துவிட்டான்.

ஜசியாராவிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "தோனா, யூத்தியில கரண்ட் இருந்ததா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன். மணி பன்னண்டு வரைக்கும் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், உங்க 'வேண்டாம்' வரும்னு. வந்திருந்தா எனக்கு ஒரு பதில் கெடச்சிருக்கும். நீங்களும் தூங்கிட்டீங்க." பொது மெயிலில் அவள் சண்டை எதுவும் போடவில்லை. இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகிக்கொண்டாள். பழைய பெட்டியை யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருந்தாள். யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை.

சுனில்டா அவளுக்குப் பதில் எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்தாள். "மன்னிச்சுடும்மா" என்று எழுதுவாள், அழிப்பாள். நேருக்கு நேர் சொல்லியே பழகினவளுக்கு இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

புது வெர்ஷன் வந்தது. எந்தெந்த வகைக் கம்ப்யூட்டருக்குத் தயார் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பழைய வகைக்கு எதிரே, "கட்ட முடியவில்லை, பொறுப்பாளர் இல்லை" என்று இருந்தது. நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எதுவும் இல்லை. சட்டப்படி அது இன்னும் உயிரோடுதான் இருந்தது, தோன் ரமீரோ மாதிரி.

சுனில்டா பொது மெயிலுக்கு எழுதினாள். திட்டவில்லை. இந்த ஒரு தடவை கெஞ்சியே எழுதினாள். "பழைய மெஷினுக்குக் கட்டித்தர ஒருவர் வேண்டும். எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறேன். யாராலாவது முடியுமா? முடியாவிட்டால், முடியாது என்றாவது சொல்லுங்கள்." அனுப்பிவிட்டு நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கருகருவென்று இருட்டி, காற்றும் மழையும் பிய்த்துக்கொண்டு வந்தன. கரண்ட் போயிற்று. மழை விட்டது, கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. சுனில்டா அடுக்களை ரேடியோவைத் திருகினாள். இரைச்சல்தான் வந்தது. சத்தத்தைக் கூட்டினாள், அதே இரைச்சல். குறைக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் கலிஸ்தோவுக்குப் போன் போட்டாள்.

"ரேடியோ பேசலடா."

"தெரியும், செருப்பைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்," என்றான். கொஞ்சம் தயங்கினான். "ஞா சுனி, அன்னைக்கு எழுதினீங்களே, பதில் ஏதாவது வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"அப்படியா! என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் சுனில்டா. "நீ கெளம்பு. பாலத்துக்கிட்ட வழுக்கும், பாத்துப் போ."